இறுதிநிலையில் ஒரு முறுக்கு

சிரிக்கக் கூடாது. சங்கரவடிவு, சிரிக்கக் கூடாது. நீ இந்த ஹாலுக்குக் கண்காணிப்பாளர், பொருளியல் துறைத் தலைவர், தலைவர் என்றால் துறையில் மிச்சமிருக்கிற ஒரே ஆள், அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் காற்றாலையைப் பார். சுற்றுகிறது. நன்றாகச் சுற்றுகிறது. மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் கிடக்கிற துணியை என் வீட்டுக்காரர் எடுத்து வைப்பாரா, மாட்டார், மழை பெய்கிறது என்று எனக்குப் போன் போட்டுச் சொல்வார், போனும் இப்போது தேர்வு அலுவலகத்து மேஜையில் அல்லவா கிடக்கிறது. முறுக்கு. ஐயோ, முறுக்கு என்று எழுதியிருக்கிறானே. இந்த இசக்கிராஜா வகுப்பில் ஒருநாள்கூட வாயைத் திறந்தவன் இல்லை, இரண்டாம் பெஞ்சு ஓரத்தில் சமர்த்தாக உட்கார்ந்து நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்வான், அவன் தோள்பக்கமாக நடந்துபோனபோது சும்மாதான் குனிந்து பார்த்தேன், மாதிரித் தேர்வில் எங்கள் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க எந்த வாத்தியாருக்குத்தான் ஆசை இருக்காது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை விளக்குக. 'மனிதன் பிறந்தது முதல் பல பொருட்களைப் பயன்படுத்துகிறான். வாழ்வின் இறுதி நிலையில் அவனுக்குப் பொருட்களின் பயன்பாடு குறைந்து செல்கிறது. உதாரணமாக எண்பது வயது முதியவருக்குப் பல் இல்லாததால் முறுக்கு பயன்படாது.' முறுக்குக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. அது போதாது என்று வரைபடம் வேறு, கிடைக்கோட்டில் வயது, செங்குத்துக் கோட்டில் முறுக்கு, இடது மேலிருந்து வலது கீழாக அழகாக இறங்குகிற ஒரு வளைகோடு. கோடு சரியாகத்தான் இறங்குகிறது, அதுதான் கொடுமை, புத்தகத்தில் இருக்கிற அதே கோடு. என் தோள் குலுங்குகிறது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவதுபோல் இருமினேன், முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் எழுதப் போய்விட்டாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் வைத்திருந்தால் வயிறு வெடித்துவிடும். ஹாலின் பின்பாதியை விலங்கியல் ஜெபக்கனி மேடம் பார்த்துக்கொள்கிறார், அவர் துறைப் பிள்ளைகளும் என் பிள்ளைகளும்தான் இங்கே மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பெஞ்சுக்கு ஒரு பொருளியல் ஒரு விலங்கியல், பார்த்து எழுதக் கூடாது என்று. ஆனால் ஹாலில் கண்காணிப்பாளர்கள் பேசக் கூடாது என்று கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். போன தேர்வில் இரண்டு மேடம்கள் தங்கம் விலையைப் பற்றி ஆரம்பித்து ஒரு கல்யாணம் முழுவதையும் நடத்தி முடித்திருக்கிறார்கள், பிள்ளைகளே புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டுவிட்டார்கள், மேடம்கள் பேசுவதால் எங்களால் யோசிக்க முடியவில்லை என்று. அதனால் வாயைத் திறக்க வழியில்லை. நடக்கலாம். செருப்புச் சத்தம் வராமல் நடக்கலாம். மின்விசிறியில் ஒன்று கடக் கடக் என்கிறது. அடுத்த வரிசையில் முத்துப்பேச்சி எழுதுகிறாள், கெட்டிக்காரி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவளாவது சரியாக எழுதியிருப்பாள் என்று எட்டிப் பார்த்தால், 'மருத்துவமனையில் இறுதி நிலையில் இருக்கும் நோயாளிக்கு ஆப்பிள் வாங்கிச் சென்றால் அந்த ஆப்பிளின் பயன்பாடு குறைவு.' எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது, ஆனால் முதல் தடவை வந்த அளவுக்கு வரவில்லை. அதற்கும் பின்னால் உள்ள பையன், பெயர் நாக்கில் நிற்கிறது, கண்ணாடிக்காரன், 'இறுதிச் சடங்கில் ஒருவருக்குப் போடப்படும் முதல் மாலைக்கு மதிப்பு அதிகம். பத்தாவது மாலை போடும்போது முகமே தெரியாது, எனவே மதிப்பு குறைவு.' இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? தப்பா? தப்பு என்று எப்படிச் சொல்வது, ஒன்றுக்குமேல் ஒன்று சேரச் சேர மதிப்பு குறைகிறது என்பதைத்தானே எழுதியிருக்கிறான், பிணத்தின் மேல் வைத்து எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பே வரவில்லை.

ஒருத்தன் எழுதினால் அவன் தப்பு. இத்தனை பேர் எழுதினால் அது நான் நடத்திய பாடம். இறுதி. இறுதி என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், இறுதி ஊர்வலம், இறுதிச் சடங்கு, இறுதி மரியாதை, சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி. இறுதிநிலை என்று நான் கரும்பலகையில் எழுதியபோதே பையன்கள் மனதில் சங்கு ஊதியாகிவிட்டது. ஆப்பிளை யார் சொன்னது? நான்தான் சொன்னேன். 'ஒருவர் ஆப்பிள் உண்கிறார் என்க.' புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, பசியோடு இருப்பவர் உண்ணும் முதல் ஆப்பிள் அதிகத் திருப்தி தரும், இரண்டாவது அதைவிடக் குறைவாகத் தரும், மூன்றாவது இன்னும் குறைவு, அப்படியே அவர் ஆப்பிள் மேல் ஆப்பிளாக உண்டுகொண்டே போகிறார், கடைசியாகத் தின்ற ஆப்பிள் தரும் திருப்திக்கு இறுதிநிலைப் பயன்பாடு என்று பெயர். இந்த ஊரில் எவன் வரிசையாக நாலு ஆப்பிள் தின்றிருக்கிறான்? ஆப்பிள் வாங்குவதே ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போதுதான். இறுதி என்றும் சொல்லி ஆப்பிளையும் கையில் கொடுத்தால் முத்துப்பேச்சி வேறு எங்கே போவாள், நேரே வார்டுக்குத்தான் போவாள், நான்தான் அனுப்பி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பல்கலைக்கழகத் தேர்வு, இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது, திருத்துகிறவர் எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்து முறுக்கைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போடுவார், இசக்கிராஜாவின் அப்பா வந்து என் முன்னால் நிற்பார், மேடம் அவன் நல்லாத்தானே படிச்சான் என்பார். நல்லாத்தான் படித்தான். நான் தினமும் புரிஞ்சுதா என்று கேட்கிறேன், புரிஞ்சுது மேம் என்று ஒரே குரலாக வருகிறது, அந்தக் குரல் எப்போதும் ஒரே சுருதியில் வரும், குட் மார்னிங் மேம், புரிஞ்சுது மேம், தேங்க் யூ மேம். அது பதில் இல்லை என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. தெரியாததுபோல் அடுத்த பாடத்துக்குப் போவது வசதியாக இருந்தது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது, துறையில் என்னோடு இருந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், அந்த நாற்காலிகளில் இப்போது விடைத்தாள் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. மற்றவர்களிடம் கேட்டிருக்கலாம். மதியம் பெண்கள் ஓய்வறையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம், என் புளியோதரை அங்கே போகும், அவர்கள் கூட்டு இங்கே வரும், ஜெபக்கனி மேடம் எலுமிச்சை ஊறுகாயை எப்படி வெயிலில் வைத்து எடுக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர் மகனுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்றுகூடத் தெரியும், ஆனால் அவர் ஒரு பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறார் என்று தெரியாது. ஒருநாள் கேட்கப் பார்த்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, 'உங்க பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் புரியுதா?' என்றேன். கணிதத் துறை மேடம் தட்டிலிருந்து நிமிர்ந்து, 'ஏன், உங்க பிள்ளைகளுக்குப் புரியலையா?' என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் அறையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பிவிட்டன, 'சே சே, நல்லாப் புரியுது' என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தேன், நாக்கு வெந்துபோயிற்று. போன வருஷம் பயிலரங்கு ஒன்றும் நடந்தது, சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்து திரையில் படம் காட்டி, இப்போது பக்கத்தில் இருப்பவரோடு உங்கள் கற்பித்தல் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இடைவேளையில் கொடுத்த வடை நன்றாக இருந்தது என்பதைப் பகிர்ந்துகொண்டோம். அப்புறம் குழுப்படம் எடுத்தார்கள், அதில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். பயம்தான், வேறென்ன. இத்தனை வருஷம் நடத்திவிட்டு இதை எப்படி நடத்துவது என்று இன்னொருவரிடம் கேட்டால், இவ்வளவு நாளும் என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே என்கிற பயம். அவர்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்டுக்கொள்வேன்.

மேஜைக்கு வந்தால் அதன்மேல் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. விடைத்தாள் கட்டைச் சுற்றி வருகிற பழுப்புத்தாளில் கிழித்தது, பென்சிலால் எழுதியிருந்தது. 'மேலுக்குச் சுகமில்லையா? பையில மாத்திரை இருக்கு.' நிமிர்ந்து பார்த்தால் ஜெபக்கனி மேடம் பின்வரிசைத் தூணருகே நின்று புருவத்தை உயர்த்துகிறார். நான் ஜன்னலோரம் தோள் குலுங்க நின்றதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார். சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டியிருக்கலாம், அது எனக்குக் கைவந்த கலை. ஆனால் கையில் பென்சில் இருந்தது, தாள் இருந்தது, ஹாலில் பேசத்தான் கூடாது என்றார்கள், எழுதக் கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை, ஹாலே எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. 'சுகத்துக்கு ஒண்ணுமில்ல. இறுதிநிலைன்னா சாவுன்னு எழுதியிருக்கான். முறுக்கு வேற.' கூடுதல் தாள் கொடுக்கப் போகிற சாக்கில் நடு வரிசையில் அவர் கையில் திணித்தேன். படித்தார். சட்டென்று தூணுக்குப் பின்னால் மறைந்தார், தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு தோள் மட்டும் தெரிந்தது, அந்தத் தோளும் குலுங்கிற்று. எனக்கு என்ன சந்தோஷம். ஒரு ஆளைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்கிற சின்னச் சந்தோஷம்தான், ஆனாலும். பதில் வந்தது. 'எங்க பிள்ளைக துளையுடலிக்கு உதாரணம் சல்லடைன்னு எழுதும். இந்த வருஷம் ஒண்ணு கொசுவலைன்னு எழுதிருக்கு.' துளையுடலி என்றால் கடற்பஞ்சு, உடம்பெல்லாம் துளை உள்ள பிராணி, அது எனக்கே தெரியும், கொசுவலை உயிரோடு கடலில் அசைவதாக நினைத்துப் பார்த்தேன், மறுபடி சேலைத் தலைப்பு வாய்க்குப் போயிற்று. அவருக்கும் நடக்கிறதா? ஓய்வறையில் ஊறுகாய் போடும்போது ஒரு வார்த்தை சொன்னதில்லையே. அதே தாளின் மூலையில் இன்னொரு வரி, சின்னதாக. 'அது சரி, இறுதிநிலைன்னா நெசமா என்ன?'

இதென்ன பிரமாதம். எழுதினேன். 'ஒரு பொருளின் கடைசி அலகை நுகர்வதால் மொத்தப் பயன்பாட்டில் ஏற்படும் மாற்றம்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், பிள்ளைகளும் சொல்வார்கள், இசக்கிராஜாகூட முறுக்குக்கு முன்னால் அதைத்தான் எழுதியிருப்பான். தாள் திரும்பி வந்தது, என் வரிக்கு அடியில் ஒரே ஒரு கேள்விக்குறி. வேறொன்றும் இல்லை. சரி, உதாரணத்தோடு சொன்னால்தான் அறிவியல்காரர்களுக்குப் புரியும் என்று ஆப்பிளை எழுதினேன், முதல் ஆப்பிள், இரண்டாம் ஆப்பிள், மூன்றாம் ஆப்பிள், இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றி எழுதினேன். திரும்பி வந்தது, இன்னொரு கேள்விக்குறி, முதலாவதைவிடப் பெரியது. எனக்குக் கோபம் வந்தது. முகம் சூடாகிவிட்டது. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார், எளிதாகத்தானே எழுதியிருக்கிறேன், வேண்டுமென்றே செய்கிறாரா, நான் சொன்னதற்குக் கேள்விக்குறி போட்ட ஆளே இதுவரை கிடையாது. கிடையாது. நடந்துகொண்டே இருந்தவள் அந்த இடத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறார்கள், ஒருத்தருமே கேள்விக்குறி போட்டதில்லை. எல்லோரும் மனதுக்குள் போட்டுக்கொண்டு புரிஞ்சுது மேம் என்று எழுந்து போயிருக்கிறார்கள். இந்த அம்மாள் ஒருத்திக்குத்தான் போட மனசு வந்திருக்கிறது, அவருக்கு என்னிடம் மதிப்பெண் எதுவும் வேண்டாம் என்பதால் இருக்கலாம். கோபம் இறங்கவில்லை, ஆனால் அது யார் மேல் என்று தெரியாமல் போயிற்று. மூன்றாவது தாளில் அழுத்தி எழுதினேன், பென்சில் முனை ஒடிந்தது. 'ஆப்பிளைத் தின்னுக்கிட்டே போனா கடைசி ஆப்பிள் இனிக்காது, அம்புட்டுதான்!' கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் முன்பக்கம் வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. துணி நனைந்திருக்கும்.

நான் பார்க்காத நேரத்தில் அவர் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேஜை விளிம்பில், பசைப்புட்டிக்கு அடியில். 'திங்கும்போது அது கடைசின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எந்திரிச்ச பிறகுதானே தெரியும். இன்னொண்ணு வேணுமான்னு கேக்கிறதுதானே இது?' படித்தேன். திரும்பப் படித்தேன். இன்னொண்ணு. ஐயோ, இன்னொண்ணு. பந்தியில் வாளியோடு வருகிறவன் கேட்பானே, இன்னொண்ணு வைக்கட்டா என்று, அப்போது நம் மனது ஒரு கணக்குப் போடுமே, ஏற்கெனவே உள்ளே போன ஜாங்கிரியை எல்லாம் விட்டுவிட்டு வாளியில் இருக்கிற அந்த ஒன்று எனக்கு என்ன தரும் என்று, அதுதானே, அது மட்டும்தானே. என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்துப் போதும் போதும் என்றார், பக்கத்தில் அவர் சித்தப்பா வை வை என்றார், இருவருக்கும் முதல் ஜாங்கிரி ஒரே மாதிரிதான், அந்த இன்னொண்ணு ஒரே மாதிரி இல்லை. என் மகள் சின்னவளாக இருக்கும்போது ஊஞ்சலில் இன்னொரு தடவை இன்னொரு தடவை என்பாள், பிறகு ஒரு கட்டத்தில் தானே இறங்கிவிடுவாள், இறங்கும் அந்தக் கணம்வரை அவளுக்கு எது கடைசி என்று தெரியாது. யாருக்குத்தான் தெரியும். இதில் எங்கே சாவு வந்தது, எவரோ ஒருவர் மார்ஜினல் என்பதை இறுதிநிலை என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விட்டார், அவருக்குக் கணக்குப்படி அது சரி, நான் அதைக் கையில் வாங்கி அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இறுதிநிலைச் செலவு? இன்னொண்ணு செய்ய எவ்வளவு ஆகும். இறுதிநிலை வருவாய்? இன்னொண்ணு விற்றால் எவ்வளவு வரும். புத்தகம் முழுக்க, அத்தியாயம் அத்தியாயமாக, இன்னொண்ணு இன்னொண்ணு என்று ஓடிற்று எனக்கு, ஹாலுக்கு நடுவில் நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது, இசக்கிராஜாவின் பேப்பரைப் பிடுங்கி முறுக்கை அடிக்காதே, பல்லு இருக்கிற ஆளாக மாற்று, எத்தனாவது முறுக்கில் போதும் என்பான் என்று எழுது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொல்லக் கூடாது, அது கேள்வித்தாளில் இருக்கிற கேள்வி. ஜெபக்கனி மேடத்தைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் பயந்துபோனார். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியபோதுதான் தாள் நழுவியிருக்க வேண்டும், மின்விசிறிக் காற்றில் அது எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை.

பார்த்தவர் வணிகவியல் நெல்லையப்பன் சார். பறக்கும் படை என்று மூன்று பேரை முதல்வர் நியமித்தாலும் பறப்பவர் இவர் ஒருவர்தான், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் பிட் வைத்திருக்காத பிள்ளைக்கும் வியர்த்துவிடும். நேராக இரண்டாம் வரிசைக்குப் போய் இசக்கிராஜாவின் காலடியிலிருந்து எதையோ குனிந்து எடுத்தார். 'எந்திரிலே' என்றார். 'ஆருக்குலே இது? இன்னொண்ணு வேணுமான்னு கேட்டிருக்கு. இன்னொண்ணுன்னா முதல்ல ஒண்ணு இருக்கணும்லா, அதை எங்கலே வச்சிருக்கே?' இசக்கிராஜா எழுந்து நின்றான், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை, வகுப்பிலும் இவன் இப்படித்தான். 'சார், நான் இல்ல சார்' என்பதற்குள் சார் பேப்பரில் கை வைத்துவிட்டார். எடுத்துவிட்டால் போயிற்று, எழுத விட மாட்டார், அப்பாவைக் கூட்டிவா என்பார். சொல்ல வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும், சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரியும், பொருளியல் மேடத்துக்கு இறுதிநிலை தெரியாதாம், விலங்கியல் மேடத்திடம் பிட் வாங்கினாராம் என்று, கணிதத் துறை மேடம் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பார். எதிரே அந்தப் பையன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறான், பின்னாலிருந்து ஜெபக்கனி மேடம் சார் சார் என்று கையைத் தூக்கிக்கொண்டு வருகிறார், அவர் ஏன் மாட்ட வேண்டும், எனக்குப் புரியவைத்தவர். 'சார், அது என் பிட்' என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. ஹால் முழுவதும் பேனாச் சத்தம் நின்றது. 'நீங்க பிட் அடிக்கீங்களா மேடம்?' 'ஆமா சார்.' 'எந்த சப்ஜெக்ட்ல?' 'என் சப்ஜெக்ட்லதான் சார்.' கடைசிப் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள், அவ்வளவுதான், ஹாலே சிரித்துவிட்டது, என் பிள்ளைகள், விலங்கியல் பிள்ளைகள், எல்லாம். நானும் சிரித்துவிட்டேன், இவ்வளவு நேரமாக அடக்கி வைத்தது வேறு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. நெல்லையப்பன் சார் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். மற்ற தாள்களையும் கொடுத்தேன், கேள்விக்குறிகளோடு. ஒவ்வொன்றாகப் படித்தார், முறுக்கில் கொஞ்ச நேரம் நின்றார், மீசைக்குள் ஏதோ அசைந்தது, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, 'எழுதுலே' என்று இசக்கிராஜாவின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

மெமோ வரும். வரட்டும். வந்தால் என்ன எழுதுவது, கண்காணிப்பு நேரத்தில் பாடம் கற்றுக்கொண்டமைக்கு வருந்துகிறேன் என்றா. நாளைக்கு முதல் வேலையாக வகுப்பில் ஒரு பொட்டலம் முறுக்கோடு நுழைய வேண்டும், இசக்கிராஜாவை எழுப்பி இன்னொண்ணு இன்னொண்ணு என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவன் எப்போது போதும் மேம் என்கிறானோ அங்கே கரும்பலகையில் புள்ளி வைக்க வேண்டும். ஜெபக்கனி மேடத்தைக் கூப்பிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், அவர் வருவார், நானும் அவர் கடற்பஞ்சை எப்படித்தான் நடத்துகிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும், சல்லடை எழுதுகிற பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன், நெசமான கடற்பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கிப் பிழியச் சொல்லலாமா. மழை நின்றுவிட்டிருக்கிறது, காற்றாலை இன்னும் சுற்றுகிறது. கதவு திறந்தது. திரும்பவும் நெல்லையப்பன் சார். நேரே என் மேஜைக்கு வந்து, வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், ஒருவரும் இல்லை என்றேன், சரி என்று தலையாட்டினார், போகும்போது மேஜைமேல் எதையோ வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார். மெமோதான் என்று நினைத்தேன். மடித்த பழுப்புத்தாள், உள்ளே சிவப்பு மை. 'கணக்கில் பற்று என்று நடத்துகிறேன், நாட்டுப்பற்று என்று எழுதுகிறான்கள். வருஷா வருஷம். யாரிடமும் சொன்னதில்லை. நாளை மதியம் சாப்பாட்டை நானும் நீங்கள் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவரலாமா?' படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. கண் கலங்கிற்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். பற்று. டெபிட்டைத்தான் பற்று என்கிறார்கள், பற்று என்றால் என்ன சொல்லலாம், பற்றிக்கொள்வது, வாங்கிக்கொள்வது, தெரியவில்லை, நாளைக்கு யோசிக்கலாம். அந்தத் தாளை நடு வரிசையில் ஜெபக்கனி மேடத்தின் கையில் திணித்தேன். அவர் படித்தார், பென்சிலை எடுத்தார், பற்று என்பதற்கு அடியில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதே நேரம் இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இசக்கிராஜா.

'மேம், இன்னொண்ணு' என்றான். கூடுதல் தாளைத்தான் கேட்கிறான். மணியடிக்கப் போகிற நேரம், ஏற்கெனவே வாங்கின தாளே பாதி காலியாக இருக்கிறது. 'எதுக்குலே?' என்றேன். 'தெரியல மேம்,' என்று இழுத்தான், ஆனால் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான், 'முறுக்கு தப்போன்னு சந்தேகமா இருக்கு மேம். எனக்கு அது புரியல.' அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி. பதில் சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கேட்கிறான். தாளை எடுத்துக் கொடுத்தேன், கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொண்ணும் கொடுத்தேன்.